மூக்கில்லாதவள் வைத்த பிரியாணி

கிறிஸ்மஸ் கழிந்த வாரத்தில் பழிவாங்குவதைப் பற்றி யோசிப்பது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகில்லை என்று தெரியும். சர்ச்சில் சமாதானம் சமாதானம் என்று பாடிவிட்டு வந்த வாய் இது. ஆனாலும் போன வருடம் டிசம்பர் இருபத்தைந்து மத்தியானத்திலிருந்து ஜனவரி ஒன்று மத்தியானம் வரை என் மனதில் இருந்தது ஒரே எண்ணம்தான். என் கணவரின் அக்காளை, நான் மதினி என்று கூப்பிடுகிறவரை, என் கையால் ஆக்கிய பிரியாணியை இரண்டு தட்டு சாப்பிட வைக்க வேண்டும். அதுவும் எல்லோர் முன்னாலும்.

எனக்கு வாசனை தெரியாது. பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் சுடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காப்பி எனக்குச் சூடான கசப்பு. மல்லிகை ஒரு வெள்ளைப் பூ. இதை என் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இங்கே சிங்கப்பூரில், எங்கள் குடும்பத்தில் இருபது வருடமாகக் கிறிஸ்மஸ் பிரியாணி என்றால் நான்தான். படிப்பிலோ வேலையிலோ வீட்டிலோ நான் எவருக்கும் முன்னால் நின்றவள் இல்லை. அந்தச் சட்டி ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

அதற்கு முந்தின கிறிஸ்மஸில் சட்டி அடிப்பிடித்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் வழக்கத்தைவிட அமைதியாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போதுதான் அடியில் கறுப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் மதினி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மூக்கு விஷயத்தை அவரிடம் கொட்டிவிட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ கவலப்படாத" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஒரு வருடம் சொல்லவில்லைதான். போன கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தார். "இந்த வருசம் என் காண்டோல ஃபங்ஷன் ரூம் புக் பண்ணிட்டேன். கேட்டரிங் சொல்லியாச்சு. நீ சும்மா வந்து உக்காரு லா." எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என்னைப்போல ஒரு மக்கு உண்டா?

அன்றைக்கு மதினியின் அடுக்குமாடி வளாகத்து ஹாலில், நீளமேசையில் ஃபிரைட் பீஹூன் என்ற அரிசிச் சேமியா, மீன் உருண்டை, இனிப்பாக ஒரு கோழி, எல்லாம் வரிசையாக இருந்தன. என் கணவரின் சித்தப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "பிரியாணி எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"பாவம் சித்தப்பா, அவளுக்கு மூக்கு போயிருச்சு. போன வருசம் கருகினதே அவளுக்குத் தெரியல. இனிமே எப்படிச் சமைப்பா?"

இருபத்துச் சொச்சம் முகங்கள் என் பக்கம் திரும்பின. எல்லா முகத்திலும் அந்தப் 'பாவம்' இருந்தது. சித்தப்பாவின் மனைவி கைப்பையைத் திறந்து தைலக் குப்பியை எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார். "இதுவுமா தெரியல?" என்றார். தெரியவில்லை என்று தலையாட்டினேன், பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளைபோல. சின்னவர்கள் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மதினி பீஹூனைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில்தான் நான் முடிவெடுத்தேன்.

கடவுள் என் பக்கம் இருந்தார் என்று சொன்னால் தப்பு. ஆனால் கேட்டரிங்காரர்கள் என் பக்கம் இருந்தார்கள். சாப்பாடு பதினொன்றரைக்கே வந்து இறங்கிவிட்டது. மூன்றரைக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று மேசையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மதினி தமிழ்ச் சர்ச் ஆராதனை பன்னிரண்டுக்கு முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார், இத்தனை வருடம் அதே சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தும். பிரசங்கம், அறிவிப்பு, கிறிஸ்மஸ் மரத்தின் முன்னால் ஒவ்வொரு குடும்பமாகப் போட்டோ, அப்புறம் கேக், டீ. எல்லோரும் வந்து சேர இரண்டரை. மூன்றரைக்குக் கையுறை போட்ட இரண்டு பேர் வந்து, மிச்சத்தையெல்லாம் கறுப்புப் பைக்குள் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா இரண்டாவது தட்டோடு அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

"ரூல்ஸ் அங்கிள்" என்றான் அதில் ஒருவன்.

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குக் காலி டப்பா கொண்டு வராதவர்கள் இல்லை. இங்கே இருபத்தாறாம் தேதி வேலை நாள். அன்றைய மதியச் சாப்பாட்டையும் முந்தின நாளே டப்பாவில் கட்டி டாபாவ் பண்ணிக்கொண்டு போனால்தான் பண்டிகை முடிந்த மாதிரி. அன்றைக்கு எல்லோரும் காலி டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். எம்ஆர்டி ரயிலில் எங்களோடு வந்தவர்களின் பைகளில் மூடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. யீஷூனில் நாங்கள் இறங்கும் வரைக்கும் அந்தச் சத்தத்தை நான் ரசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ஜனவரி ஒன்று, மதியம், எங்கள் வீடு, பிரியாணி, பெரிய டப்பாவாகக் கொண்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் மதினியிடமிருந்து பதில் வந்தது. நீ கஷ்டப்படாதே, நான் கேட்டரிங் சொல்கிறேன் என்று. கூடவே கைகூப்பும் படம் ஒன்று. அதைக் கணவரிடம் காட்டினேன்.

"எதுக்கு இந்த வம்பு?" என்றார்.

"உங்க அக்காவுக்காகத்தான்."

"கருகிடுச்சுன்னா?"

இன்னொரு தடவை கருகினால் என் சட்டி என்னைவிட்டுப் போய்விடும். அப்புறம் சாகும்வரை அந்தத் தைலக் குப்பிதான்.

இருபத்தேழாம் தேதி ஒரு கிலோ கறியில் ஒத்திகை பார்த்தேன். கணவரை அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்து, வாசனை மாறினால் சொல்லுங்கள் என்றேன். அவர் துவாஸ் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் பெயின்ட் வேலை பார்த்தவர். அவர் மூக்கில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மிச்சப் பாதியும் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்து இரும்புக் கதவைத் தட்டி, "ஹங்குஸ், ஹங்குஸ்" என்று கத்திய பிறகுதான் கருகுகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மேல் பாதியைத் தயிர் ஊற்றி இரண்டு வேளை சாப்பிட்டோம். மத்தியானத்தில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, டின்னில் மிஞ்சிய அச்சு முறுக்கையும், காய்ந்துபோன பழக் கேக்கின் ஓரத்துண்டுகளையும் டீயில் தோய்த்துத் தின்றோம். வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாட்கள் இவைதான். வேலை இல்லை, விருந்தாளி இல்லை, நேற்றைய பலகாரம் இருக்கிறது. அந்தச் சுகத்திலும் மதினியின் முகம்தான் கண்முன் நின்றது. கோபத்தில் முறுக்கு நன்றாக நொறுங்கியது.

மறுநாள் இரண்டாவது ஒத்திகையில் கணவரைக் கீழே அனுப்பிவிட்டேன். மின்விசிறியையும் டிவியையும் அணைத்தேன். சட்டியைத் தம்மில் போட்டு, மரக்கரண்டியின் ஒரு முனையை மூடிமேல் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல. முதலில் கொதிக்கிற சத்தம். அது அடங்கியதும் மெல்லிய சீறல். தண்ணீர் சுண்டச் சுண்டச் சீறல் இளைத்து, ஒரு கட்டத்தில் உலர்ந்த, படபடவென்ற சின்னச் சத்தம் வந்தது. மூடியைத் திறந்து கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்தேன். அடிச்சோறு சிவக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு முன்னால், சீறல் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். முப்பதாம் தேதி மூன்றாவது ஒத்திகை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு தட்டு கொடுத்தேன். என் முகத்துக்காகப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அரை மணி நேரத்தில் தட்டைக் கழுவி, அதில் நாலு குவே பலகாரம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "சேடாப்" என்றார். ருசி என்று அர்த்தம்.

முப்பத்தொன்றாம் தேதி காலை தேக்கா சந்தைக்குப் போனேன். முன்பெல்லாம் புதினாவைக் கிள்ளி மோந்து பார்ப்பேன், கறியைக் குனிந்து பார்ப்பேன். இப்போது புதினாவின் காம்பை ஒடித்துப் பார்த்தேன், கறியை விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய நெய்யை நம்பாமல் புது டின் வாங்கினேன். சிராங்கூன் சாலையில் ஏணிமேல் ஏறிப் பொங்கலுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். 'மதினி, நல்லா மோந்து பாருங்க. கருகல் வாசனை வருதா?' குரலில் கொஞ்சம் அன்பு இருக்க வேண்டும். அப்போதுதான் நன்றாகக் குத்தும்.

ஜனவரி ஒன்று. வாசலில் செருப்புகள் நடைபாதை வரைக்கும் வழிந்தன. மதினி கடைசியாக, கடையில் வாங்கிய கேக்கோடு வந்தார். சட்டி தம்மில் ஏறியதும் டிவியை அணைக்கச் சொன்னேன். பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பினேன். இருபத்துச் சொச்சம் பேர் ஹாலில் மூச்சுக் காட்டாமல் இருக்க, நான் கரண்டியும் காதுமாக அடுப்படியில் நின்றேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. சட்டியின் சீறலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதுவும் தெளிவாகவே கேட்டது.

சீறல் இளைத்தது. அடுப்பை அணைத்தேன். பத்து நிமிடம் விட்டு மூடியைத் திறந்து, ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சோபாவில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக அடுப்படிப் பக்கம் திரும்பின. முதலில் சித்தப்பா, அப்புறம் அவர் மனைவி, அப்புறம் எல்லோரும். வாசனை அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் கண்டுகொண்டேன்.

முதல் தட்டு மதினிக்கு. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன்.

"மதினி, நல்லா மோந்து பாருங்க. கருகல் வாசனை வருதா?"

மதினி என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். வேறு வழியில்லை. குனிந்து மோந்தார். ஒரு வாய் வைத்தார்.

"வரல" என்றார். இன்னொரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

"சத்தமா சொல்லும்மா, காது கேக்கல" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். மதினியின் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் ஆசை தீரப் பார்த்தேன். இரண்டாவது தட்டு நான் கேட்காமலேயே போட்டுக்கொண்டார், அதுதான் இன்னும் இனித்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நான் டப்பாக்களில் அள்ளிக்கொண்டே இருந்தேன்.

"வாசனையே தெரியாம எப்படிப் பண்ணுன?" என்றார்.

"அத உங்ககிட்ட சொல்ல முடியாது மதினி. சொன்னா சாப்பாட்டு மேசைக்கு வந்துரும்."

அவருடைய டப்பாவை வாங்கி, மூடி மூடாத அளவுக்கு அழுத்தி அழுத்தி நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதை மறுநாளும் சாப்பிட வேண்டும், அதற்கு மறுநாளும் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் என்னை நினைக்க வேண்டும். மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை. அவர் வருத்தப்பட்டது உண்மை என்று தெரிந்தும் இல்லை.

எல்லோரும் போன பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு உதிரியாக இருந்தது. கறி வெந்திருந்தது. உப்பு சரி, காரம் சரி. அதற்குமேல் தேடிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கூடப் பார்த்தேன். சூடு மட்டும்தான் இருந்தது. மதினி இரண்டு தட்டு சாப்பிட்டார், பக்கத்து வீட்டு அக்காகூடச் சாப்பிட்டார். ஆனால் என் பிரியாணி எப்படி இருந்தது என்று தெரியாதவள் நான் ஒருத்திதான்.