அரிப்பு முழுக்க ஒரே ஆள்

இரண்டு இணையத்தளங்களை ஒட்டி வைக்கிற தொழிலில், ஒட்டினால் உங்களை ஒருத்தருக்கும் தெரியாது. ஒட்டாவிட்டால் ஊருக்கே தெரியும். இந்த வேலையில் மாட்டுப்பட்ட சகோதரங்களே, இது உங்களுக்குப் புதிதில்லை.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பின மீள்குடியேற்றக் காலம். முன்பள்ளி ஆசிரியைகளுக்கான சான்றிதழ்ப் படிப்பொன்று கொழும்பு நிறுவனமொன்றின் கற்றல் தளத்தில் நடந்தது. பயிற்சிச் சோதனைக்கான தளத்தை மன்னாரில் நான் எழுதினேன். ஆசிரியை கொழும்புத் தளத்தில் ஒரு பொத்தானை அமத்தினால் என்னுடையது திறக்கும். சோதனை முடிய, புள்ளி தானாகத் திரும்பிப் போகும். கூட்டத்தில் "சின்ன வேலை" என்று அளந்துவிட்டேன்.

கூட்டம் முடிய, அரிப்பு என்கிற கரையோர ஊரின் ஜெசிந்தா அக்கா வந்தா. இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவ. "தம்பி, புள்ளி போகாட்டிக் கடைசிச் சோதனை எழுத விடமாட்டினமாம். சான்றிதழ் இல்லாட்டி என்ர இடத்துக்கு வேற ஆளைப் போடுவினம். புள்ளி போய்ச் சேரும்தானே?"

"அது தானாப் போகும் அக்கா" என்றேன். நான் சொன்னேன், வேறு யாருமில்லை.

வடிவான கதவு

முருங்கனில் முதல் வெள்ளோட்டம். படிப்புக்குப் பொறுப்பான சிஸ்டர் முன் கதிரையில் இருந்தா. பொத்தானுக்கு நீலம் பூசி, மூலை வளைத்து, நிழல்கூடப் போட்டிருந்தேன். அமத்தினேன், வெள்ளைச் சதுரம். திரும்ப அமத்தினேன், அதே வெள்ளை. ஒரு தளத்துக்குள் இன்னொன்றைத் திறக்க உலாவி சும்மா விடாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "இன்டர்நெட் சரியில்லை" என்றேன். எங்கள் தொழிலின் முதல் மந்திரம் அதுதானே.

அந்த நாளில் வீட்டுத்திட்டக் காசு கட்டங்கட்டமாகத்தான் வரும். கதவு வைத்து, கூரையில்லாமல் நின்ற வீடுகள் றோட்டுக்கரை முழுக்க. சிஸ்டர் யன்னலால் அப்படியொன்றைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"தம்பி, கதவு நல்ல வடிவு. வீடு எப்ப கட்டுவீங்கள்?"

பழைய வருசம்

என் தளத்தைத் தனிப்பக்கமாகத் திறக்கவைத்துத் தப்பினேன். அடுத்த கூத்து எங்கள் வழங்கி, அதுதான் என் தளம் குடியிருந்த சேர்வர். பேர்தான் பெரிசு, கந்தோர் மூலையில் கிடந்த ஒரு கிழட்டுக் கணினி. உள்ளிருந்த சின்னப் பற்றரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால் அதன் மணிக்கூடு சண்டைக்கால வருசமொன்றுக்கு ஓடிவிடும். கொழும்புத் தளத்தால் வருகிற ஆளின் நேரமும் எங்கள் மணிக்கூட்டு நேரமும் பொருந்தாவிட்டால் உள்ளே விடாதே என்று எழுதினவன் நான்தான். அது எல்லாரையும் திருப்பி அனுப்பியது. காலை முழுக்கக் கொழும்புக்காரரோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

கூட வேலை செய்த ரிஸ்வான், மன்னாரின் மறிச்சுக்கட்டி ஊர்க்காரன். சண்டைக்காலத்தில் முஸ்லிம்களை மன்னாரை விட்டு விரட்டினபோது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினவன். பற்றரியை மாற்றிக்கொண்டே சொன்னான்:

"மெசின் சரியாத்தான் செஞ்சிருக்கு. அந்த வருசத்தில எங்களை ஆர் மன்னாருக்குள்ள விட்டது?"

சந்திக் கடை

புள்ளி போய்ச் சேரவேண்டிய கடைசி நாளுக்கு முதல்நாள் ஜெசிந்தா அக்கா போன் எடுத்தா. முதலே சோதனை செய்து நல்ல புள்ளி எடுத்தவ. இப்போது கொழும்புத் தளம் அவவுக்குச் சித்தியில்லை என்கிறது. அரிப்பின் மற்ற ஆசிரியைகளுக்கோ புள்ளியே இல்லை. "நான் பிறகு தொடவே இல்லைத் தம்பி" என்றா. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போய்த்தான் விளங்கியது. மீளக்குடியேறின வீடுகளுக்கு இலக்கமில்லை. கடிதமெல்லாம் சந்திக் கடைக்கு வரும். கடைக்கார அந்தோனி அண்ணை ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். மின்னஞ்சல் கேட்டபோதும் அதே வழக்கம்தான்: எல்லா ஆசிரியைகளும் அந்தோனி அண்ணையின் மின்னஞ்சலையே கொடுத்திருக்கிறார்கள். நானோ, மின்னஞ்சல் ஒன்றென்றால் ஆளும் ஒன்று என்று எழுதிவைத்த மேதாவி. முதலில் வந்தவ ஜெசிந்தா அக்கா. அதனால் என் தளத்துக்கு அரிப்பு முழுக்க ஜெசிந்தா. யார் சோதனை செய்தாலும் புள்ளி அவவின் தலையில் விழுந்திருக்கிறது; கடைசியாகச் செய்தவவின் குறைந்த புள்ளி அவவின் நல்ல புள்ளியை அழித்துவிட்டது.

உண்மையில் பயந்துபோனேன். என் கெட்டித்தனத்தால் ஒரு மனுசியின் வேலை போகப்போகிறது. கடை வாங்கில் குந்தியபடியே மடிக்கணினியைத் திறந்து, மின்னஞ்சலை விட்டுவிட்டு, கொழும்புத் தளம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற இலக்கத்தை வைத்து ஆளை அறியும்படி மாற்றினேன். மறுநாள் எல்லாரும் திரும்பச் சோதனை செய்தார்கள். ஜெசிந்தா அக்கா கடைசியாகச் செய்தா. கொழும்புத் தளத்தில் சித்தி என்று விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்ன பிழை, எப்படித் திருத்தினேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினா.

"முகாமில எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறவங்கள் தம்பி. எப்ப பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கள் எண்டு கிடந்தனான். நீங்கள் என்ர பேரை ஊர் முழுக்கக் குடுத்திட்டு, எனக்குத் திரும்ப நம்பரைத் தாறீங்கள். சரி, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அரிப்பில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருத்தரையும் தெரியாமல் இருந்தது நான் எழுதின மென்பொருளுக்கு மட்டும்தான்.