நடக்காமல் உட்கார்ந்திருந்தவள்

மகளுக்கு ஆறாம் மாதம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று நம் பெண்களுக்கு ஒரு நினைப்பு. வராந்தாவில் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், என் மகளும்.

ஒருத்தி மட்டும் பெஞ்சை விட்டு அசையவில்லை. வடக்குத்து என்கிற ஊர்க்காரி, புருஷனுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. தூங்காத முகம். முந்தானையால் வியர்வையை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீயும் ரெண்டு சுத்து நடம்மா, சர்க்கரை இல்லன்னு வந்துடும்" என்றேன், கையில் ஜெபமாலையோடு.

"மொத புள்ளைக்கு அப்படி நடந்துதாங்க இல்லன்னு வந்துச்சு. சர்க்கரையாலன்னு தெரியாம, வயித்துல புள்ள பெருசா இருக்குன்னு வூடே சந்தோசப்பட்டுகினு இருந்தோம். பொறந்தது அழவே இல்லீங்க."

அவள் என் ஜெபமாலையைப் பார்த்துச் சொன்னாள்:

"இல்லன்னு வரணும்னு வேண்டாதீங்கம்மா. இருந்தா காட்டிக்குடுன்னு கேளுங்க."

அவளுக்கு இருக்கிறது என்றே வந்தது. "தெரிஞ்சுபோச்சுல்ல, இனிமே பாத்துக்கலாம்" என்று களைப்போடு எழுந்து போனாள்.

மறுநாள் மகளைத் திரும்பவும் டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போய், நடக்க விடாமல் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

இப்போதும் அந்தப் பெண்ணுக்காக ஜெபமாலையில் ஒரு மணி உருட்டுகிறேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. மாதாவுக்குத் தெரிந்திருக்கும்.