மழைக்கப்புறம் நட்ட சிலுவை

எனக்கு வாய் ஜாஸ்தி. செத்தவர்கிட்டயும் சண்டை போடுவேன். சென்னை பாடியில ஒரு பட்டறையில லேத் மெஷின் ஓட்டின என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போய், அவர் குழிக்கு சுண்ணாம்பு அடிச்சு, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, ஊர் வம்பெல்லாம் சொல்லிட்டுத்தான் வருவேன்.

போன தடவை சாயங்காலம் நாலு மணிக்கு சுண்ணாம்பு வாளியும் அடிக்கற மட்டையுமா அவர் குழி இருக்கற வேப்பமரத்தடிக்குப் போய் நிக்கிறேன், யாரோ ஏற்கெனவே சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. ஈரம் காயல. ஆறு மெழுகுவத்தி எரியுது. அந்த மூலையில ஒரு ஈ காக்கா இல்ல. மரம் காத்துல பேயாட்டம் ஆடுது, அந்தச் சுடர் மட்டும் அசையவே இல்ல. "எவடி அவ, என் புருஷனுக்கு ஏத்தினவ?"ன்னு கத்தி, அத்தனையும் ஊதி அணைச்சேன். புகை நேரா என் மூஞ்சிக்கு வந்துச்சு. உடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.

அப்புறம்தான் பாக்கறேன், அவர் பேர் எழுதின இரும்புச் சிலுவை அங்க இல்ல. நாலு குழி தள்ளி நிக்குது.

குழி வெட்டுற அண்ணன்கிட்ட ஓடினேன்.

"போன மழையில முட்டி அளவு தண்ணி நின்னுச்சுக்கா. சிலுவை எல்லாம் புடுங்கிகினு கெடந்துச்சு. நான்தான் பொறுக்கி நட்டேன். எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"சரி, அங்க சுண்ணாம்பு அடிச்சது யாரு?"

"காலைலேந்து வாசல்லதான் கீறேன். அந்தப் பக்கம் நீதான் மொதல்ல வர்ற."

வேப்பமரமும் அங்க மூணு இருக்கு. எப்பவும் மரத்தடியில சிலுவையப் பாத்துத்தான் நிப்பேன், எந்த மரம்னு யாரு எண்ணினா? அவர் எங்க கெடக்கறார்னே தெரியாம, நான் யாருக்குன்னு வேண்டறது? "ஆண்டவரே, உனக்காச்சும் தெரியுமா?"ன்னு திட்டினேன். உக்காந்து ஓன்னு அழுதேன்.

அழுது முடிச்சதும் வெக்கமாப் போச்சு. சிலுவை நட்ட குழிக்கு என் சுண்ணாம்ப அடிச்சேன். மரத்தடிக்கு வந்து, அணைச்ச ஆறையும் திரும்ப ஏத்தினேன். முதுகுக்குப் பின்னாடி யாரோ நிக்கற மாதிரியே இருந்துச்சு, திரும்பல.

ஃபாதர் ஒவ்வொரு குழியா தீர்த்தம் தெளிச்சிக்கிட்டு வந்தார்.

"யாருக்கும்மா? பேர் சொல்லுங்க."

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவருக்குத்தான் ஃபாதர். இதுல இருக்கறது அவரான்னுதான் தெரியல. நீங்க தெளிங்க."