மூன்றாவது தோட்டத்தின் கேட் புக்

1. வேலியில் காய்ந்த துணி

சிரம்பான் தணிக்கை அலுவலகத்தில் நான் சேர்ந்த இரண்டாவது வருடம். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் போட்டிருந்ததால், தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வேலி நெடுக விளக்கு மாட்டியிருந்தார்கள். தோட்டத்து எஞ்சினிலிருந்துதான் கரண்ட். ஒரு தோட்டத்தில் ஈரத்துணியை வேலியில் காயப்போட்ட பெண்ணுக்குக் கரண்ட் அடித்து உள்ளங்கை வெந்துபோனது.

அந்தத் தோட்டத்துக்கோ 'பரிசோதித்தேன், பழுதில்லை' என்று சர்டிபிகேட் இருந்தது. கொடுத்தது மின்சாரத்தையும் தண்ணீர் சப்ளையையும் மேற்பார்க்கும் அரசாங்க அலுவலகம். கையெழுத்து, இன்ஸ்பெக்டர் சாமுவேலுடையது. மேற்பார்க்கிறவர்களை மேற்பார்ப்பது எங்கள் வேலை.

என் மேலதிகாரி செல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தோட்டத்துடையதையும் சேர்த்து, சாமுவேல் கொடுத்த மூன்று சர்டிபிகேட்டுகளை என் மேசையில் போட்டு, மனுஷன் உண்மையிலேயே அந்த மூன்று தோட்டங்களுக்கும் போனாரா என்று நேரில் பார்த்து எழுதச் சொன்னார். கண்டுபிடிப்பது சுலபம். அப்போது வேலிக்குள் நுழைகிற எவரும், துரையே ஆனாலும், கேட்டில் இருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

2. பச்சைப் பென்சில்

முதல் இரண்டு தோட்டங்களும் சிரம்பானுக்குப் பக்கம், கை வெந்த பெண்ணின் தோட்டம் அதில் ஒன்று. போனேன், கேட் புக்கைப் புரட்டினேன். சர்டிபிகேட்டில் இருந்த தேதியில் மட்டுமல்ல, அந்த மாதம் முழுவதுமே சாமுவேலின் கையெழுத்து இல்லை.

மூன்றாவது தோட்டம் ரெம்பாவ் ஊரைத் தாண்டி. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், காட்டிலிருந்து கொரில்லாக்கள் சுடுவார்கள். புதன்கிழமைதோறும் காலையில் ராணுவக் காவலோடு லோரி போகும், அதில் ஏறினால்தான் உண்டு. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். லோரி கிளம்பும் இடத்துக்குப் போய் நின்றேன். எதிர்க்கடையில் இரண்டு கோப்பி குடித்தேன், வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். லோரி என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை.

ஆபீசுக்குத் திரும்பி, மூன்று தோட்டங்களிலும் கையெழுத்து இல்லை என்று எழுதி, மூன்றுக்கும் பச்சை டிக் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் பச்சைப் பென்சில் ஆடிட்டருக்கு மட்டும்தான். பச்சை டிக் போட்டால் நானே பார்த்தேன் என்று அர்த்தம். பக்கத்திலிருந்த இரண்டுக்கே போகாதவனா அங்கே போயிருக்கப் போகிறான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

3. வந்து நின்றவர்

முறைப்படி அறிக்கையின் நகல் விளக்கம் கேட்டு சாமுவேலுக்குப் போனது. வேலைநீக்கம் செய்யலாம் என்று அதில் பரிந்துரை இருந்தது. அவர் எழுதி அனுப்பவில்லை, தானே வந்தார். ஒல்லியான மனிதர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு எஸ்டேட்டுக்குப் போகல சார், ஒத்துக்கிறேன். மூணாவதுக்குப் போனேன். அந்தக் கேட் புக்ல என் கையெழுத்து இருக்குமே. நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன்" என்று வாயில் வந்துவிட்டது.

பக்கம் மாறியிருக்கும், இன்னொரு தடவை பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை நம்பினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போகவேண்டும். சோறு இறங்கவில்லை. என்னவென்று கேட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. புதன்கிழமை காலை லோரியில் ஏறிவிட்டேன். வழி முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் தலையைக் குனிந்தே இருந்தேன்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கேட் புக்கை எடுத்துக் கொடுத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. சர்டிபிகேட்டில் இருந்த அதே தேதி, அதே கையெழுத்து.

"வந்தார்லா. கம்பம் கம்பமா ஏறிப் பார்த்தாரு. எஞ்சினை நிறுத்தி, வேலிப் பக்கம் ஒயரெல்லாம் மாத்தச் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் கிராணி. பிறகு குரல் இறங்கியது. "திரும்பிப் போறப்ப லோரியைச் சுட்டுட்டானுங்க. கூட உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் அவரு மடியிலயே செத்துட்டாரு."

சர்டிபிகேட் தேதிகளை அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். தேதிப்படி மூன்றில் இதுதான் முதலாவது. மற்ற இரண்டும் அந்தச் சூட்டுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்தபடியே எழுதியவை. வெளியே வந்தேன். வேலி நெடுகச் சேலையும் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் வெறுங்கையால் அவற்றை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

4. திருத்திய அறிக்கை

மறுநாள் செல்லையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"முதல் அறிக்கையை நீர் பாத்து எழுதினீரோ, நினைச்சு எழுதினீரோ?"

"நினைச்சுத்தான் சார்."

வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். திருத்திய அறிக்கையை நானே எழுதினேன். சாமுவேலுக்கு வேலை போகவில்லை, வெளியே போகாத மேசை வேலைக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்ணின் கை முழுக்கச் சரியாகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன், அந்தப் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது. எனக்குப் பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. நியாயம்தான்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயமாக இருந்தால் போகாதீர்கள். போகவில்லை என்று எழுதுங்கள். போகாமலே போனதாக எழுதியவர்கள் என்று அந்தத் திருத்திய அறிக்கையில் ஒரு பத்தி உண்டு. அதில் இரண்டு பெயர்கள். முதலில் சாமுவேல், இரண்டு தோட்டங்கள். அதற்குக் கீழே என் பெயர், ஒரு தோட்டம். பக்கத்தில் பச்சை டிக், இந்தத் தடவை பார்த்துவிட்டுப் போட்டது.