ஈ மொய்க்காத கூடை

போன மார்கழியில் ஒரு காலை, கோவளத்திலிருந்து கடப்பாக்கம் போகிற பஸ்ஸில் நடந்தது இது. தண்ணீருக்கடியில் மீன் கூட்டம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றைப் படகுகளில் பொருத்துவார்கள். அதைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. கடப்பாக்கத்துப் படகுக்காரர் ஒருவருடைய கருவியைச் சரிசெய்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அது போய்ச் சேராமல் அவர் படகு கடலுக்குள் இறங்காது. சொன்ன நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அந்தக் கரையில் எனக்கும் இனி வேலை இருக்காது.

பனி விலகவே இல்லை. கடல் தெரிய வேண்டிய பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நெம்மேலியில் ஒரு பெண் மீன் கூடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி ஏறினார். உடனே முன்னால் இருந்தவர்கள் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "பின்னாடி போம்மா, பின்னாடி போ" என்று கண்டக்டர் விரட்டினார். அந்தப் பெண் கடைசி சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

மீன் வாசம் எனக்குப் பழகியதுதான். "யக்கா, இன்னிக்கு இன்னா மீனு?" என்று பேச்சுக் கொடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் உறைத்தது. வாசமே வரவில்லை. கூடையை மூடியிருந்த சாக்கில் சொட்டு ஈரமில்லை, ஒரு ஈ கூட மொய்க்கவில்லை. முன்னால் இருந்தவர்களோ இல்லாத நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்கள். கேட்ட பேய்க் கதையெல்லாம் ஞாபகம் வந்து, அந்தப் பெண்ணுக்குக் கால் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்தப் பனியில் நீங்கள் இருந்திருந்தாலும் பார்த்திருப்பீர்கள்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிய போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்தார். எனக்குத் தாடி உண்டு, மடியில் பெரிய பை வேறு. ஆதாரை வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு என் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். "எறங்கு. சும்மா நாலு பேரைப் பார்க்கிறதுதான்" என்றார். அந்த நாலு பேரில் மற்ற மூன்று பேர் யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. பக்கத்துக் கூடையை அவர் திறக்கவில்லை. அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

என் பையை ரோட்டோரத்தில் கவிழ்த்தார்கள். ஒயர், பேட்டரி, கழற்றிய சர்க்யூட் எல்லாம் மண்ணில் விழுந்தன. "இன்னாத்துக்குயா இவ்ளோ ஒயரு?" நான் விளக்கினேன். "ஸ்டேஷன்ல வந்து சொல்லு." பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். இதுவரை என்னோடு பயணம் செய்தவர்கள்தான், ஆனால் எல்லோரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டதைப் போலப் பார்த்தார்கள். அவமானத்தில் உடம்பே கூசியது.

"அந்தக் கூடையைப் பாருங்க சார்" என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண் மீனை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு போகிறவராக இருந்தால்? என்னைப் போலவே அவரையும் இறக்கி, ரோட்டில் கொட்டி, வேடிக்கை பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் பின் வாசல் வழியாக இறங்கினார். ஏறும்போது அப்படித் தாங்கிய கூடை, இப்போது ஒற்றைக் கையில் ஆடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்களைத் தாண்டி நிதானமாக நடந்து பனிக்குள் போய்விட்டார். என்னைத் தவிர யாருமே பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. அதிகாரி ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி, என் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மேலே 'வெடிகுண்டு' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே வெறும் செங்கல். கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையாம். சாவடிக்காரர்கள் தோற்றுப்போய்த் தலையைக் குனிந்து நின்றார்கள். ஜீப்பிலிருந்து அதே பெண் இறங்கினார், அவரும் போலீஸாம். என்னைப் பார்த்து அதே சிரிப்பு.

"இன்னா மீனுன்னு கேட்டியே அண்ணாத்த, இதான்."

சாமானைப் பொறுக்கிக்கொண்டு ஏறினேன். படகுக்கு நேரத்தில் சேர்த்தும்விட்டேன். ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் கடப்பாக்கம் வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது நிஜக் குண்டாக இருந்திருந்தால், அன்று நான் வாயை மூடியது எத்தனை உயிரைக் குடித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடுகிறது. இன்றும் சாவடிகளில் என் பையைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். எல்லோர் கண்ணும் அதிலேயே இருக்கும் அந்த நேரத்தில், பின் வாசல் வழியாக யார் இறங்கிப் போகிறார்கள் என்று நான் மட்டும் பயந்துகொண்டே திரும்பிப் பார்க்கிறேன்.