ஸ்டியரிங்கில் ஊற்றிய குளிர்த்தி நீர்

என் வேனின் ஹோன் பழுதானதற்கு நான்தான் காரணம். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியோடு முடியும். அன்று கிடைக்கும் மஞ்சள் நீரை ஒரு செம்பில் வாங்கி வந்து வீட்டுக்குத் தெளிப்பேன், பிறகு வேனுக்கும். தெளிப்பேன் என்பது சரியில்லை. ஸ்டியரிங்கின் நடுவில், ஹோன் அழுத்துகிற இடத்தில், சந்தனம் பூசி அதன்மேல் ஊற்றியே விடுவேன். கை வைக்கிற இடம் குளிர்ந்தால் ஓட்டமும் குளிர்ந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு முன் இரண்டு பேரிடம் ஓடிய பழைய வேன் அது. அதில்தான் வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்கினேன். எங்கள் வீட்டு அடுப்பு அந்த ஓட்டத்தில்தான் எரிந்தது.

ஒருநாள் காலை, பாலத்துக்குக் கிட்ட, மீன் பெட்டியோடு சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பாராமல் றோட்டைக் கடந்தார். ஹோனை அழுத்தினேன். சத்தமில்லை. மறுபடியும் அழுத்தினேன். பிறகு பிரேக்கில் ஏறி நின்றேன். அவர் தப்பினார். உள்ளே ஒரு பிள்ளையின் உதடு முன்சீட்டில் அடிபட்டு வெடித்தது. அவள் அழவில்லை. வெள்ளைச் சட்டையில் விழுந்த இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரமே அவளுடைய தாய் வந்தார்.

"அண்ணன், நீங்க நல்ல மனிசன். ஆனா ஹோன் இல்லாத வேனில புள்ளைகள எப்பிடி விடுற? ஞாயிறு வந்து பாப்பம். அடிச்சா திங்கள்ல இருந்து அனுப்புறம். இல்லாட்டி மற்ற வேன்காரரோட கதைச்சிரிக்கு."

சனிக்கிழமை உன்னிச்சையிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவியின் தம்பி, உழவு மெஷின் திருத்துகிறவர். பெற்றறி வயரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கின் நடு மூடியை நெம்பினார். ஸ்பிரிங்கும் பித்தளைத் தகடும் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளும் சந்தனமும் இறுகிப் பச்சை பூத்துக் கிடந்தன.

"அத்தான், இது ஹோனா, மூலஸ்தானமா?"

நான் நகத்தால் அதைச் சுரண்டினேன்.

"வருசா வருசம் குளிர ஊத்தி, வேனுக்குத் தடிமன் பிடிச்சிட்டு. தொண்டை அடைச்சா எப்பிடிச் சத்தம் வரும்?"

"கண்ணகி அம்மாளப் பகிடி பண்ணாதடா" என்றாள் மனைவி குசினிக்குள்ளிருந்து.

"நான் அம்மாள ஒண்டும் சொல்லல்ல அக்கா. உங்கட மனிசனத்தான் சொல்றன்."

அவர் சொன்னது சரி. அம்மாள் என்ன செய்வா? ஊற்றியது என் கை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மின்சாரம் தொடுகிற செம்பு வளையமும் அரித்திருந்தது. ஸ்டியரிங்கையே கழற்ற வேண்டும். "கழட்ட முதல், ஸ்டியரிங் பூட்டியிருக்கிற தண்டிலயும் ஸ்டியரிங்கிலயும் நேரா ஒரு கோடு கீறுங்க அத்தான், திரும்பப் பூட்டக்குள்ள அதுதான் அடையாளம்" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார். கீறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. குங்குமத்தால் இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். பிறகு கழற்றி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்தேன். பொட்டும் போயிற்று.

காத்தான்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரை நானா என்போம். நான் கொண்டுபோன வளையத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறல்ல தம்பி. வேற வேன்ட வளையம் ஒண்டு இரிக்கு. ஓரத்த அரத்தால ராவிப் போடுங்க, அல்லாஹ் காப்பாத்துவான்."

ராவிப் போட்டோம். பொருந்தியது. ஸ்டியரிங்கை ஏற்றி நட்டை இறுக்கி வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தால், சில்லு நேராக உருள்கிறது, ஸ்டியரிங் இடது பக்கம் சரிந்து நிற்கிறது. கழற்றித் தண்டின் பல்லில் ஒன்று தள்ளிப் போட்டோம். வலது பக்கம் சரிந்தது. மறுபடி கழற்றினோம். மூன்றாம் முறை நேராக நின்றது. கடைசி இறுக்கு இறுக்கும்போது, பிடித்திருந்த நட்டு சும்மா சுற்றியது.

மச்சான் நட்டுச் சாவியைக் கீழே வைத்தார். "புரி தேஞ்சு போயிட்டு அத்தான்."

"வேற நட்டுப் போட்டா?"

"நட்டில இல்ல, தண்டில போயிட்டு. தண்டுதான் மாத்தோணும். இதோட புள்ளைகள ஏத்தப்படாது."

பெற்றறி வயரை மறுபடி மாட்டி ஹோனை அழுத்தினேன். ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். மனைவி ஓடிவந்து, கோயில் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டாள்.

ஞாயிறு அந்தத் தாய் இன்னும் இரண்டு பெண்களோடு வந்தார்.

"அடியுங்க அண்ணன், கேப்பம்."

அடித்தேன். மூவரும் சிரித்தார்கள்.

"அப்ப நாளைக்கு அனுப்புறம்."

ஸ்டியரிங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பார்வைக்கு அது நேராகத்தான் இருந்தது. மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாளே, என்ட வாயக் கட்டிவிடு என்று மனதுக்குள் கேட்டேன். அவ கட்டவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கழன்று மடிக்கு வந்தது.

சிரிப்பு நின்றது. "ஐயோ அண்ணன்" என்றார் அந்தத் தாய். கழன்ற ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, "மறைக்காம காட்டினது பெரிய புண்ணியம்" என்றார். பிறகு மூவரும் மெல்லமாகக் கதைத்தபடி போனார்கள்.

திங்கள் காலை மற்ற வேன் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது.

தண்டு தேடிக் கொழும்பு வரை சொல்லிவிட்டிருக்கிறோம். இல்லை என்றே பதில் வருகிறது. கிடைத்தாலும் பிள்ளைகள் அந்த வேனுக்குப் பழகியிருப்பார்கள். வழக்கமான நேரத்துக்கு எழும்பிக் குளித்துத் திருநீறு பூசிவிடுகிறேன். அதற்குப் பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை.