கயிற்றில் கை வைத்தவன்

தொண்ணூறுகளின் நடுவில், வேலை ஒன்று கிடைப்பதற்கு முன் நாட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று கண்டிப் பக்கத்திலிருந்த வீட்டில் சொல்லிவிட்டு, முதுகுப் பையோடு புறப்பட்டேன். உண்மையில் பார்த்தது சோதனைச் சாவடிகளைத்தான். அந்தப் பையைக் கண்டாலே இராணுவத்தினருக்குக் கை அரித்தது. கல்முனைக்கு முந்திய சாவடியில் ஒருவன், "அங்கே யார் வீட்டுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டான். "யாரையும் தெரியாது, சும்மா போகிறேன்" என்றேன். சும்மா போகிறவனை யார் நம்புவது? உள்ளாடை வரை கொட்டிக் காட்டிவிட்டு வெயிலில் நின்றேன். இனி எந்த ஊரில் இறங்குகிறேனோ அங்கேயே கொஞ்ச நாள் கிடப்பது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

இறங்கிய ஊர் மருதமுனை. பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பையையும் என் முகத்தையும் பார்த்த ஒரு நெசவாளி, தன் தறிக்கொட்டிலோடு ஒட்டிய அறை சும்மா கிடக்கிறது, வந்து தங்குங்கள் என்றார். வாடகை என்றதும் முகத்தைச் சுளித்தார். அவரை மாமா என்றேன், அவர் மனைவியை மாமி என்றேன். எங்கள் பக்கத்தில் மூத்தவர் எவரும் மாமாதான். அவர்களுக்கு ஒரே மகள். அவளை நான் கண்டதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தறியின் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நண்பகல் லுஹர் தொழுகை வரை தூங்குவேன். அப்படியொரு தூக்கம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசியில் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. விளையாட்டுக்குப் பிடித்தேன். மீன் நிறைந்த வலையின் மடி கரையேறியதும், வலைக்குப் பொறுப்பான தண்டயல் ஈர்க்கில் கோத்த கீரி மீனை என் கையில் திணித்தார்.

"கயித்தில கை வெச்சா கறி. புடிங்க மச்சான்."

அங்கே எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். மீனை மாமியிடம் கொடுத்தேன். வாடகை வாங்காத வீடு மீனை வாங்கிக்கொண்டது. பிறகென்ன, தினமும் போனேன். வீட்டில் குடம் தண்ணீர் தூக்காதவன், ஓய்வெடுக்க வந்த இடத்தில் இருட்டோடு எழுந்து கயிறு இழுத்தேன். இழுத்துவிட்டுக் குளித்து, மாமியின் சோற்றைத் தின்று, தறிச் சத்தத்தில் தூங்கினேன். இரண்டு நாளைக்கென்று வந்தவனுக்கு மூன்று வாரம் போனதே தெரியவில்லை.

தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கண்டால், "மாப்பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ!" என்று கத்துவார். என் புதுச் சாரனைத்தான் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு காலை தறி பேசவில்லை. தூக்கம் வராமல் வெளியே வந்தேன். மாமா படியில் உட்கார்ந்திருந்தார்.

"மகளுக்குச் சாய்ந்தமருதில ஒரு இடம் பேசி வெச்சிரிந்தம். வெள்ளிக்கிழம நாள் குறிக்க வாற எண்டவங்க. இப்ப வரமாட்டாங்களாம்."

"ஏன் மாமா?"

"ஊட்டுல மாப்பிள்ள இரிக்கக்குள்ள எங்களுக்கு அங்க என்ன வேல எண்டு செல்லி அனுப்பிரிக்காங்க."

"எந்த மாப்பிள்ளை?"

அவர் என்னையே பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் வழக்கம். காலையில் மீன் கோவையோடு தெருவால் வந்து, "மாமி" என்று கூப்பிட்டு அதைக் கொடுக்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்? வெட்கத்தில் காது சுட்டது. முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பயந்துபோய்ப் பையைக் கட்ட ஓடினேன்.

"இப்ப போனா, வந்தவன் உட்டுட்டு ஓடிட்டான் எண்டு கதைப்பாங்க," என்றார் மாமா. "அது இதவிட மோசம்."

இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. அப்போது உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வாப்பா, அவர என்ட தம்பி எண்டு செல்லுங்க. மாப்பிள்ளைக்குக் கால் கழுவ எனக்குத் தம்பி இல்லத்தானே. அவரு கழுவட்டும். ஊரெல்லாம் பாக்கட்டும்."

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் கால் கழுவிவிடுவது பெண்ணின் தம்பி.

"எனக்கு இருபத்தைந்து வயதாகிறது" என்றேன் மெதுவாக.

"எனக்கு இருவத்திரெண்டு. எண்டாலும் நீங்க தம்பிதான்."

திரைக்கு எதிர்ப்பேச்சு ஏது? அன்றே தண்டயலின் சைக்கிளில் ஏறிச் சாய்ந்தமருதுக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பாவிடம் மீன் கதையை முதலிலிருந்து சொன்னேன். "கயித்தில கை வெச்ச ஆளுக்குக் கறி குடுத்தது நான்தான்" என்று தண்டயல் சாட்சி சொன்னார். மாப்பிள்ளையின் வாப்பாவும் கடல் தொழில் செய்கிறவர்; அந்த வழக்கம் அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கலியாணம் முடியுமட்டும் நிப்பீங்களா?"

"நிற்பேன்."

"கால் கழுவுவீங்களா?"

"ஓம்" என்றேன். அவர்கள் ஊர்ச் சொல் தானாக வந்தது. அவர் சிரித்துவிட்டார். நாங்கள் திரும்பிச் செய்தியைச் சொல்லிச் சற்று நேரத்தில் தறி மறுபடி அடிக்கத் தொடங்கியது.

கல்யாணத்தன்று தேத்தண்ணிக் கடைக்காரர் உட்படத் தெருவே பார்த்திருக்க, வாசலில் குந்தி மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். அவர் என் விரலில் ஒரு வெள்ளி மோதிரத்தைப் போட்டு, "போதும், எழும்புங்க மச்சான்" என்றார். கடற்கரையில் நூறு தடவை கேட்ட சொல். அன்றுதான் அது முறையாக எனக்குச் சொந்தமானது. கண் கலங்கியதை, தண்ணீர் தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையும் கயிற்றுக்கு வந்தார். தண்டயல் என் பக்கம் நீட்டிய கோவையை அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். "இனி இந்த ஊட்டுக்குக் கறி கொண்டு போறது என்ட வேல." நியாயம்தான். ஆனாலும் என் இடம் போயிற்றே என்று கொஞ்சம் கோபம் வந்தது. மறுநாள் பையைக் கட்டினேன்.

அதே சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். முன்பு கேள்வி கேட்ட சிப்பாயே என்னை அடையாளம் கண்டான். "இவ்வளவு நாளும் யார் வீட்டில் இருந்தாய்?"

"அக்கா வீட்டில்" என்று யோசிக்காமலே வாய் சொல்லிற்று.

பையைத் திறந்தான். மேலேயே இருந்த கருவாட்டுப் பொட்டலம் அவன் மூக்கில் அடிக்க, உடனே மூடினான்.

"அக்கா தந்ததா?"

என்னைவிட மூன்று வயது இளைய அக்கா என்று அவனுக்கு விளக்க முடியுமா? தலையை மட்டும் ஆட்டினேன்.